அப்புச்சி விட்டுச் சென்ற எம்ஜி கார்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அம்மாவின் தந்தை 1952ஆம் ஆண்டின் எம்ஜி டிடி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, அவருடைய விருப்பப்படி அது எனக்கு வந்திருக்கிறது. பல ஆண்டுகளாகத் தோட்டத்துக் கொட்டகையிலேயே நின்றிருந்ததால் என்ஜின் சுற்றவில்லை, ஓட்டுநர் பக்கக் கதவும் தொங்குகிறது. அதைச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியுடன் குன்னூர் வரை சென்றுவர விரும்புகிறேன். ஜப்பானியக் காரின் என்ஜினையும் டிஸ்க் பிரேக்கையும் பொருத்திவிட்டால் தொல்லையே இருக்காது என்கிறார் பட்டறைக்காரர். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: அந்த என்ஜினைக் கழற்றி எறிய வேண்டாம். உதிரி பாகம் கிடைக்காது என்பதுதான் இப்படிப்பட்ட யோசனைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இந்தக் காருக்கு அது பொருந்தாது. இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1949 முதல் 1953 வரை 29,664 டிடி கார்கள் செய்யப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அதனால் பிஸ்டன், பேரிங், கேஸ்கட் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து விற்பவர்கள் இரு நாடுகளிலும் இன்றும் இருக்கிறார்கள். 1,250 சிசி, 54 குதிரைத்திறன் என்ற கணக்கில் வடிவமைத்த சேஸ் எனும் இரும்புச் சட்டகத்தின் மீதும், மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய உடல் மீதும் அதைப்போல் இரு மடங்கு ஆற்றலை ஏற்றுவது பாதுகாப்பானதும் அல்ல. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் சொல்கிறது. பின்னால் வருபவர் விரும்பினால் கழற்றிவிட்டுப் பழையபடி மாட்டக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். சேஸை வெட்டவோ துளையிடவோ கேட்கும் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

சுற்றாத என்ஜினை, காரைக் கயிறு கட்டி இழுத்துச் சுற்றவைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் வளையம் உடையும், பிஸ்டனும் பழுதாகும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளைக்குள் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைச் சிறிது ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்ட பிறகு, நான்காவது கியரில் போட்டுக் காரைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுற்றத் தொடங்கினாலும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றிப் பல ஆண்டுக் கசடை அள்ளிவிடுங்கள்.

இங்கே பட்டறைக்காரரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்பிஏஜி என்று பெயர் பெற்ற இந்த என்ஜினின் போல்ட் தலைகள் பழைய பிரிட்டிஷ் விட்வொர்த் அளவில் இருக்கும், மரையோ மெட்ரிக். அந்த மெட்ரிக்கும் இன்று கடையில் கிடைப்பது அல்ல: 8 மி.மீ. போல்ட்டுக்கு இப்போது வழக்கமான பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.25 மி.மீ., இந்த என்ஜினில் இருப்பது 1 மி.மீ. விவரம் தெரியாதவர் புது போல்ட்டை முறுக்கி ஏற்றி மரையைக் கெடுத்துவிட்டு, பிறகு பெரிய டேப்பால் புது மரை வெட்டி ஒப்பேற்றுவார். இதில் நல்ல என்ஜின் பிளாக்குகள் பாழாகியிருக்கின்றன. விட்வொர்த் ஸ்பானர் செட் ஒன்றை முதலில் வாங்குங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தினது என்று எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

கதவு தொங்குவதற்குக் கீல் தேய்ந்ததுதான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். டிடியின் கதவு பின்பக்கத் தூணில் மாட்டப்பட்டிருக்கிறது. கதவின் முன்நுனியைப் பிடித்து மேலே தூக்கும்போது, கீல் ஆடாமல் தூணே ஆடினால் பழுது மரத்தில் இருக்கிறது. தரைவிரிப்பை நீக்கிவிட்டு, தூணும் அடிச்சட்டமும் சேரும் இடத்தில் சிறிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல ஆஷ் மரமாக இருந்தால் முனை இறங்காது; ஈரத்திலும் கரையானிலும் கெட்டதென்றால் ரஸ்க் போல நொறுங்கும். அப்படி நொறுங்கினால், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பியைப் பொருத்தி அளவு மாறாமல் நிறுத்திக்கொண்டு, கதவை மாட்டிப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டையாக மாற்ற வேண்டும். உடலைச் சேஸிலிருந்து மொத்தமாகத் தூக்கிவிட்டு மரவேலையைத் தொடங்குபவர்களுக்குக் கதவு மீண்டும் சரியாக மூடுவதே இல்லை. அளவாக அறுத்த ஆஷ் மரச்சட்டங்கள் இங்கிலாந்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் ஊரிலேயே கைதேர்ந்த தச்சர் இருந்தால், நன்கு உலர்ந்த முற்றிய தேக்கில் செய்துகொள்வதை நான் ஆதரிப்பேன். கரையானை அது நன்றாகத் தாங்கும். பழைய கட்டை எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதுதான் அவருக்கு மாதிரி, எறிந்துவிடாதீர்கள்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையை மனத்தில் வைத்துப் பிரேக் வேலையைச் செய்யுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்குமே போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. ஆகவே ஹோஸ், குழாய், வீல் சிலிண்டர் அனைத்தும் புதிதாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை அலங்காரமாகக் கருதாமல் சரிசெய்யுங்கள். இவை ஒழுங்காக இருந்து, இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே வந்தால், இந்தக் காரின் எடைக்கும் வேகத்துக்கும் காரோடு வந்த டிரம் பிரேக்கே போதும். சீட் பெல்ட்டை அவசியம் சேருங்கள். ஆனால் அதன் பிடிமானம் மரத்தில் அல்லாமல், சேஸோடு போல்ட் செய்த எஃகுத் தாங்கியில் இருக்க வேண்டும்.

இனி மேம்பாடுகள். ஒன்றைச் செய்தால் அது இன்னொன்றை இழுத்து வரும் என்பதை மறக்காதீர்கள். பர்லியாறு ஏற்றத்தில் லாரியின் பின்னால் ஊர்ந்து போகும்போது என்ஜின் கொதிக்கும் என்று மின்விசிறி வைப்பார்கள். அதையும் முகப்பு விளக்கையும் சேர்த்துத் தாங்க மின்சாரம் தரும் டைனமோவால் முடியாது, உடனே அதைவிடக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தேவைப்படும். பிளாக்கின் நீர்ப்பாதையில் படிந்த சேற்றைக் கோர் பிளக் எனும் மூடிகளைக் கழற்றி அந்தத் துளைகள் வழியாகச் சுரண்டி எடுத்து, ரேடியேட்டருக்குப் புது கோர் போட்டுவிட்டால் பெரும்பாலும் இவை இரண்டுமே வேண்டியிருக்காது. பிறகும் கொதித்தால், டைனமோவின் உருவிலேயே செய்த ஆல்டர்னேட்டரைப் பொருத்தலாம். இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும் என்பதை எலக்ட்ரீஷியன் அறிந்திருக்க வேண்டும்.

நான் மனமாரப் பரிந்துரைக்கும் மேம்பாடு ஐந்து கியர் பெட்டி. பின் அச்சின் விகிதம் 5.125, அதாவது சக்கரம் ஒரு முறை சுழல டாப் கியரில் என்ஜின் 5.125 முறை சுழல வேண்டும் என்பதால், மணிக்கு 80 கி.மீ. வேகத்திலேயே என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,400 முறை சுழல்கிறது, 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட என்ஜினுக்கு நெடுஞ்சாலையில் அது களைப்புதான். அச்சின் விகிதத்தை 4.3 ஆக மாற்றினால் சுழற்சி 2,900 அளவுக்கு இறங்கும், ஆனால் மலையேற்றத்தில் இழுவை குறைந்துவிடும். குன்னூர் போக விரும்பும் உங்களுக்கு அது ஒத்துவராது. ஐந்து கியர் பெட்டியிலோ நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர் சுழற்சியைக் குறைக்கும், ஏற்றத்துக்குத் தாழ்ந்த கியர்களும் இருக்கும். ஃபோர்டு சியரா காரின் கியர் பெட்டியை டிடி உள்ளிட்ட டி வகை எம்ஜிக்குப் பொருத்துவதற்கான தொகுப்புகள் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. அதை மாட்டிக்கொண்டு, பழைய பெட்டியை எண்ணெய் பூசிப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: இத்தகைய பழைய கார்களுக்கு 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஊற்றலாமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: ஆயத்தம் செய்துகொண்டு ஊற்றலாம். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் எனும் சவ்வையும் கெடுக்கும் என்பதால், எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கால எஸ்யூ கார்புரேட்டர்களில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சுற்றித் தக்கை வளையங்கள் இருக்கும். வெகுநாள் காய்ந்தவை கசியும், அவற்றையும் மாற்ற வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் மிக்சர் மெலிந்து, அதாவது காற்றோடு கலக்கும் பெட்ரோலின் விகிதம் குறைந்து, என்ஜின் சூடேறும். ஜெட்டைச் சற்று இறக்கியோ அதற்குள் இறங்கும் நீடில் எனும் ஊசியை மாற்றியோ பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கை வடித்துவிடுங்கள்.

கேள்வி: பதிவுப் புத்தகம் இன்னும் தாத்தாவின் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றம் கோர வேண்டும் என்பது விதி. கெடு கடந்திருந்தாலும் தாமதக் கட்டணத்துக்கு ஆயத்தமாகச் சென்று விண்ணப்பியுங்கள். தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் கையில் இருக்கட்டும். பதிவின் காலம் முடிந்திருந்தால் படிவம் 25 வழியாகப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் உள்ளன. ஆனால் அதன்கீழ் பதிந்தால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்க முடியும். உலா போக விரும்புபவர்கள் பழைய பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. பெயின்ட் அடிக்கும் முன்பே சேஸ் எண்ணைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்துப் படமெடுத்து வையுங்கள். எண்ணின் மேல் பட்டி பூசி மறைத்துவிட்டால் ஆய்வாளர் கையெழுத்திட மாட்டார்.