பொலோன்யாவில் எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?

கேள்வி: இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் பார்த்துவிட்டு, நான்கு நாட்கள் பொலோன்யாவில் தங்க எண்ணியிருக்கிறோம். உடன் வரும் என் அம்மாவுக்கு எழுபது வயது. படி ஏறுவது சிரமம். பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுப்பதா, வாடகை குறைந்த வெளிப்பகுதியில் தங்கிப் பேருந்தில் வந்துபோவதா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பழைய நகரத்துக்குள்ளேயே தங்குங்கள். வாடகையில் மிச்சமாகும் தொகையைவிட, உங்கள் அம்மா மதியம் அறைக்குத் திரும்பிச் சற்றுப் படுத்தெழுந்து மாலையில் மீண்டும் வெளியே வர முடிவதுதான் பெரிய லாபம். மேலும், பொலோன்யா நடந்து பார்க்க வேண்டிய ஊர். அதன் தெருக்கள் பலவற்றின் ஓரமாகத் தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள் ஓடுகின்றன. பழைய நகருக்குள் மட்டும் அவற்றின் நீளம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். 1088இல் தோன்றியதாகக் கருதப்படும் பல்கலைக்கழகத்தை நாடி மாணவர்கள் பெருகியபோது, வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறைகள் கட்டி, அவற்றைத் தாங்க மரத்தூண்களை நட்டார்கள். 1288இல் நகர ஆட்சி அதையே விதியாக்கி, புதிய வீடுகளுக்குத் தாழ்வாரம் கட்டாயம் என்றும், கட்டுவதும் பராமரிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பானாலும் அது பொதுமக்கள் நடக்கும் வழியாக இருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்துகொடுத்த வசதிகளில் இதைவிடப் பெருந்தன்மையான ஒன்றை நான் கண்டதில்லை. 2021இல் யுனெஸ்கோ இத்தாழ்வாரங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஸ்த்ராடா மஜ்ஜோரே தெருவிலுள்ள இசொலானி வீட்டில் அந்தக் காலத்து முறையிலான உயர்ந்த மரத்தூண்களை இன்றும் காணலாம்.

உங்கள் தேவைக்குச் சாந்தோ ஸ்டெஃபனோ தேவாலயத்தைச் சுற்றியுள்ள பகுதியையும் சரகோட்சா வாயிலை ஒட்டிய பகுதியையும் பரிந்துரைக்கிறேன்; இரண்டும் அமைதியானவை, மையச் சதுக்கமான பியாட்சா மஜ்ஜோரேவுக்கு நடந்தே வந்துவிடலாம். பெட்டிகளோடு அலைய விரும்பாதவர்களுக்கு, ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்தை நோக்கி வரும் இண்டிபெண்டென்சா தெரு ஏற்றது. பல்கலைக்கழகம் இருக்கும் சம்போனி தெருவில் இரவு வெகுநேரம் மாணவர்களின் ஆரவாரம் இருக்கும் என்பதால், அம்மாவின் உறக்கத்தை எண்ணி அதைத் தவிர்க்கலாம். அறை எங்கே எடுத்தாலும் லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் அது இல்லை, அங்கே முதல் மாடி என்பதே நீண்ட படிக்கட்டாக இருக்கக்கூடும்.

தேதியை முடிவு செய்யும் முன் நகரின் வர்த்தகக் கண்காட்சி நாட்களைப் பார்த்துவிடுங்கள். இளவேனிலில் நடக்கும் குழந்தைகள் புத்தகக் கண்காட்சி, செப்டம்பரில் நடக்கும் ஓடுகளுக்கான கண்காட்சி போன்ற நாட்களில் அறைகள் கிடைப்பதே அரிது, வாடகையும் வெகுவாக ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கம் முதியவர்களுக்கு ஆகாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் குடும்ப உணவகங்கள் பல மூடியிருக்கும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. அறை வாடகையுடன் தலைக்கு இத்தனை என நகர வரியும் உண்டு.

கேள்வி: பொலோன்யா இறைச்சி உணவுக்குப் பேர்போன ஊர் என்கிறார்கள். முட்டை மட்டும் சாப்பிடும் சைவக் குடும்பத்துக்கு அங்கே உணவு கிடைக்குமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: நன்றாகவே கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டிய ஊர் அது. ஊரின் பெருமையான தோர்டெல்லினி என்ற சிறிய பாஸ்தாவுக்குள் பன்றியிறைச்சிப் பூரணம் இருக்கும், அதை இறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டுத் தருவார்கள். அதே வடிவில் பெரிதாக மடிக்கப்படும் தோர்டெல்லோனிக்குள் ரிகோட்டா பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து, வெண்ணெயில் சேஜ் இலை பொரித்து ஊற்றுவார்கள்; முட்டை சேர்த்துப் பிசைந்து கையால் தேய்த்த அந்த மாவின் மென்மைக்காகவே உங்களை அங்கே போகச் சொல்வேன். அடுக்குப் பாஸ்தாவான பச்சை லசாஞ்ஞாவைக் கண்டு ஏமாற வேண்டாம்: பச்சை நிறம் மாவில் சேர்த்த கீரையால் வந்தது, அடுக்குகளுக்கு நடுவே இறைச்சிக் குழம்பு இருக்கும். பியாதீனா ரொட்டியிலும், கிரெஷெந்தீனா எனப்படும் பொரித்த ரொட்டியிலும் மரபுப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்யும் கடைகளும் உண்டு, கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கடுமையான சைவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பூரணத்திலும் அது கலந்திருப்பது வழக்கம். உங்களுக்கு அது உடன்பாடில்லை என்றால், தக்காளியும் பேசில் என்ற துளசி வகை இலையும் சேர்த்த பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் கேளுங்கள்.

மதிய உணவுக்கு ஊகோ பாஸி தெருவிலுள்ள மெர்காத்தோ தெல்லே எர்பே என்ற காய்கறிச் சந்தைக்குப் போகலாம். காய்கனிக் கடைகளோடு சிறு உணவகங்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், வீட்டில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததை வாங்கிவந்து சேர்ந்து உண்ணலாம். சமையலறை உள்ள அறை எடுத்திருந்தால் அங்கேயே காய்கறியும் வாங்கிக்கொள்ளலாம். உணவகங்களில் மதியம் இரண்டரை மணிக்கு மேல் சமையற்கட்டை மூடிவிடுவார்கள். இரவு உணவு ஏழரைக்குப் பிறகுதான். பில்லில் தலைக்கு ஓரிரு யூரோ இருக்கைக் கட்டணம் சேர்ந்திருந்தால் திகைக்க வேண்டாம், அது அந்நாட்டு வழக்கம்.

கேள்வி: பொலோன்யாவின் இரட்டைக் கோபுரங்களில் ஏற முடியுமா?
- வாசகர், மதுரை

பதில்: அந்த எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இரண்டில் குட்டையானதும் அதிகம் சாய்ந்ததுமான கரிசெந்தாவின் நிலை கவலைக்குரியது எனக் கண்டு, 2023 அக்டோபரில் அதன் அடிவாரத்தைச் சுற்றி அடைத்தார்கள். அருகிலுள்ள 97 மீட்டர் உயர அசினெல்லியில் ஏறுவதும் நிறுத்தப்பட்டது. தூரத்திலிருந்து பார்க்கலாம். அதற்கு மாற்றாகச் சான் பெட்ரோனியோ பேராலயத்தின் தரையில் வானியலாளர் காஸ்ஸினி 1655இல் அமைத்த, ஏறத்தாழ 67 மீட்டர் நீளமுள்ள நடுப்பகல் கோட்டைப் பாருங்கள். கூரையிலுள்ள துளை வழியே விழும் சூரிய ஒளிவட்டம், வானம் தெளிவாக இருந்தால், உச்சிப்பொழுதில் அக்கோட்டைக் கடந்து செல்லும். உயரத்திலிருந்து காட்சி வேண்டுமென்றால், சரகோட்சா வாயிலிலிருந்து 666 வளைவுகளுடன் குன்றேறும் தாழ்வாரம் வழியே சான் லூகா தேவாலயத்துக்கு நடந்து செல்லலாம். நடக்க முடியாதவர்களுக்குப் பியாட்சா மஜ்ஜோரேவிலிருந்து சிறு சுற்றுலா வண்டி மேலே போய்வருகிறது.