டைம் ட்ரையலுக்கு எதை வாங்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்? கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சைக்கிள் கிளப் நடத்தும் 16 கிமீ டைம் ட்ரையலில் முதல் முறையாக ஓட்டப் போகிறேன். என்னிடம் இருப்பது சாதாரண ரோடு பைக் (வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சாலைச் சைக்கிள்). டைம் ட்ரையலுக்கென்றே செய்த சைக்கிள் இல்லையென்றால் கடைசி இடம்தான் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எதில் போடுவது?

பதில்: புது சைக்கிளில் போட வேண்டாம். டைம் ட்ரையலில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இடைவெளி விட்டு ஒவ்வொருவரையும் தனியாக அனுப்புவார்கள். இன்னொருவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போக விதி இடம் தராது. காற்று முழுக்க உங்கள் மேல்தான் மோதும். சமதளத்தில் மணிக்கு 35, 40 கிமீ வேகத்தில் போகும்போது கால்கள் போடும் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. அந்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு உங்கள் உடம்பால் வருவது. எனவே உடம்பு காற்றை எதிர்கொள்ளும் பரப்பைக் குறைக்கிற பொருளுக்குத்தான் முதல் செலவு.

அதற்கும் முன்னால் பந்தய விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பல உள்ளூர்ப் பந்தயங்களில் சாதாரண ரோடு பைக்குக்குத் தனிப் பிரிவு இருக்கும். அந்தப் பிரிவில் ஏரோ பார் (முன்னங்கையை ஊன்றி, கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கும் தண்டுகள்) மாட்டினால் நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அப்படியொரு பிரிவு இருந்தால் முதல் பந்தயத்துக்கு அதில் பெயர் கொடுங்கள். ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து, முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி ஓட்டப் பழகினால் போதும். இதற்குச் செலவே கிடையாது.

பொதுப் பிரிவில்தான் ஓட்ட வேண்டும் என்றால் முதலில் வாங்க வேண்டியது கிளிப்-ஆன் ஏரோ பார், அதாவது இருக்கிற ஹேண்டில்பார் மேலேயே மாட்டிக்கொள்ளும் வகை. 1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாள் பலருக்கும் தெரிந்திருக்கும். 24.5 கிமீ டைம் ட்ரையல் தொடங்கும்போது அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் மொத்த நேரத்தில் 50 வினாடி பின்தங்கியிருந்தார். ஏரோ பாரும் ஏரோ ஹெல்மெட்டும் (காற்றுத் தடையைக் குறைக்கும் வடிவத்தில் செய்த ஹெல்மெட்) அவரிடம் இருந்தன. முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோனிடம் இரண்டும் இல்லை. மூன்று வாரப் பந்தயத்தை லெமாண்ட் 8 வினாடியில் வென்றார். அவர் கால்களின் பலத்தையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த நாளுக்குப் பிறகு ஏரோ பார் இல்லாமல் டைம் ட்ரையல் ஓட்டும் தொழில்முறை வீரர்களைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

வாங்கும் முன் உங்கள் ஹேண்டில்பாரைக் கவனியுங்கள். நடுவில், ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு பிடித்திருக்கும் பாகம்) இரு பக்கமும், உருண்டையாக 31.8 மிமீ விட்டத்தில் போதிய இடம் இருந்தால்தான் பெரும்பாலான கிளிப்-ஆன்கள் உட்காரும். மேல்பகுதி தட்டையாக இருக்கும் ஹேண்டில்பாரில் பிடிக்காது. கார்பன் ஹேண்டில்பார் என்றால், அதில் கிளாம்ப் மாட்டலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அப்புறம் ஒன்று: ஏரோ பாரைப் பிடித்திருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது. வண்டிகள் ஓடாத சாலையில் போதுமான நாள் பழகிவிட்டுத்தான் பந்தயத்துக்குப் போக வேண்டும்.

மிச்சப் பணம் இருந்தால் உடம்போடு ஒட்டி நிற்கும் ஸ்கின்சூட், அடுத்து நல்ல பந்தய டயர். படபடக்கும் ஜெர்சி ஏரோ பாரால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தடித்த பயிற்சி டயரைக் கழற்றிப் பந்தய டயர் போட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து கால்கள் போடும் உழைப்பில் 10 வாட்டுக்கு மேலேயே மிச்சமாகலாம். லேட்டக்ஸ் ட்யூப் இன்னும் கொஞ்சம் தரும், ஆனால் ஒரே இரவில் காற்று இறங்கிவிடும். பந்தயத்தன்று காலையில் காற்றடிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: ஏரோ ஹெல்மெட் விளம்பரம் ஒன்றில் "30 வாட் மிச்சம்" என்று போட்டிருக்கிறார்கள். மணிக்கு 35 கிமீ ஓட்டும் எனக்கும் அது கிடைக்குமா?

பதில்: 30 வாட் கிடைக்காது, ஆனால் பலன் உண்டு. முதலில் அந்த எண் எந்த வேகத்தில் அளந்தது என்று அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள். 45 அல்லது 50 கிமீ என்று இருக்கும். காற்றைத் தள்ளத் தேவைப்படும் வாட், வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி ஏறுகிறது, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் வாட் எட்டு மடங்கு. 50 கிமீ வேகத்தில் 30 வாட் மிச்சம் என்றால் 35 கிமீ வேகத்தில் அதே ஹெல்மெட் 10 வாட் அளவுக்குத்தான் மிச்சப்படுத்தும்.

இதைக் கேட்டதும் "வேகமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் இதெல்லாம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. உங்களுக்கு வேண்டியது வினாடி. வாட் அதற்கான வழிதான். சமமான 16 கிமீ சாலையில் காற்றுத் தடை 5 சதவீதம் குறைந்தால் வேகம் ஒன்றரை சதவீதம் போல ஏறும். மணிக்கு 45 கிமீ ஓட்டுகிறவர் 21 நிமிடத்தில் முடித்துவிடுவார். அவருக்கு மிச்சம் 20 வினாடிக்குச் சற்றுக் குறைவு. 32 கிமீ ஓட்டுகிறவர் அரை மணி நேரம் சாலையில் இருக்கிறார். அவருக்கு மிச்சம் 25 வினாடி அளவு. மெதுவாக ஓட்டுகிறவருக்குத்தான் அதிக வினாடி! இந்தக் கணக்கை விற்கிறவர்கள் பலர் சொல்வதில்லை, பெரிய வாட் எண்தான் கண்ணைப் பறிக்கும் என்பதால். விளம்பரம் பார்க்கும்போது தடை எத்தனை சதவீதம் குறைகிறது, எந்த ஹெல்மெட்டோடு ஒப்பிட்டார்கள், சைக்கிள் மேல் ஆள் உட்கார்ந்திருந்தபோது அளந்தார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் தராத கடையின் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

ஹெல்மெட்டில் இன்னொரு சிக்கல், அது தலை நிற்கும் விதத்தைப் பொறுத்தது. நீண்ட வால் உள்ள ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு களைப்பில் தரையைப் பார்த்தால் வால் மேலே எழுந்து காற்றில் நிற்கும், லாபம் போய்விடும். ஒரு நண்பரைச் சாலையோரம் நிற்கவைத்து, நீங்கள் களைத்துப்போன கடைசி நிமிடங்களில் பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தலை குனிகிற பழக்கம் இருந்தால் குட்டை வால் ஹெல்மெட்டே உங்களுக்கு வேகமானது. பெரும்பாலும் விலையும் குறைவு.

கேள்வி: பழைய கார்பன் டைம் ட்ரையல் சைக்கிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பகல் வெளிச்சத்தில், நன்றாகத் துடைத்த பிறகு பாருங்கள். பெடல் கிராங்க் சேரும் இடம், முன்பக்கத்தில் ஃபோர்க் நுழையும் இடம், சீட் போஸ்ட்டை முடுக்கும் இடம், பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடம் எல்லாவற்றிலும் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கும் கோடு பெயிண்டில் மட்டும் விழுந்ததாகவும் இருக்கலாம், உள்ளே போன விரிசலாகவும் இருக்கலாம். நாணயத்தால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் அடிபட்ட இடத்தில் மொத்தென்றும் கேட்கும். சந்தேகம் வந்தால் கார்பன் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். அடிபட்ட இடத்தை மறைத்திருக்கக்கூடிய ஸ்டிக்கரை எடுக்க விற்பவர் விடவில்லையா, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

விரிசலைவிட அதிகம் பேரை மாட்டிவிடுவது உதிரிபாகம். இந்தச் சைக்கிள்களில் சீட் போஸ்ட், ஸ்டெம், ஃபிரேமுக்குள் ஒளிந்திருக்கும் பிரேக் எல்லாம் அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும்படி செய்திருப்பார்கள். மாடல் நின்றுபோய்ச் சில வருடம் ஆகியிருந்தால் ஒரு சின்ன கிளாம்ப் உடைந்தாலும் முழு சைக்கிளும் மூலையில் கிடக்கும். பேரம் பேசும் முன்பே அந்தப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு, முதல் பில்லைக் கேளுங்கள். தயாரிப்பாளர் வாரண்ட்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். அதை நம்பி விலையை ஏற்ற விடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் உயரமான ரிம் கொண்ட சக்கரங்கள் வாங்கினேன். என் சைக்கிளுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தது, அச்சு பொருந்தவில்லை. டயர் மாட்டிப் பார்த்ததால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: "பிடிக்கவில்லை" என்று எழுதினால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். "விளம்பரத்தில் சொன்னபடி இல்லை" என்று எழுதுங்கள். பல நாடுகளின் நுகர்வோர் சட்டம் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. பொருந்தும் என்ற வரி தெரியும்படி விளம்பரப் பக்கத்தை உடனே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கே அதை மாற்றிவிடலாம். போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள், பதில் தரக் கெடு வையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியிடமும் மறுப்பு மனு கொடுக்கலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த முறை டயர் மாட்டும் முன் அச்சு, பிரேக் வகை, கியர் கேசட் உட்காரும் பகுதி மூன்றையும் ஒத்துப் பாருங்கள். ரிம்மில் ஹூக்லெஸ் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்று இருந்தால் அதற்கு அனுமதித்த டயர்தான் போட வேண்டும், காற்றழுத்தம் 5 bar அளவுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் ஓடும்போதே டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

கேள்வி: இடது காலை மட்டும் அளக்கும் பவர் மீட்டர் (கால்கள் போடும் உழைப்பை வாட்டில் காட்டும் கருவி) பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. அது இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது. உங்கள் இடது கால் 48 சதவீதம் வேலை செய்தால் 250 வாட் ஓட்டும்போது 240 காட்டும். டைம் ட்ரையலில் பவர் மீட்டர் முக்கியமாக ஒரு வேலைக்குத்தான்: முதல் இரண்டு நிமிடம் உற்சாகத்தில் கொட்டித் தீர்த்துவிடாமல் தடுப்பது. அதற்கு எண் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வந்தால் போதும். புறப்படும் முன், சைக்கிள் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு, பெடலில் கால் வைக்காதபோது கருவி பூஜ்ஜியம் காட்டும்படி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.