வீடு நிறைய விருந்தாளிகள், நடுவில் ஒரு வாண்டு: படக்கதை கேள்வி–பதில்

கேள்வி: என் பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் ஓடிவந்து என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். வந்தவர்களுக்கு மனத்தாங்கல். இந்த வயதுக்கு ஏற்ற, சிரிப்பான படக்கதை ஏதாவது உண்டா?
— ஓர் ஆச்சி, தென்காசி

பதில்: உங்கள் பேத்திக்கென்றே வரைந்தது போல ஒன்று இருக்கிறது, ஆச்சி. 'சோ மச்' என்பது அதன் பெயர். 1994இல் லண்டனில் வாக்கர் புக்ஸ் வெளியிட்டது. எழுதியவர் டிரிஷ் குக். கரீபியன் தீவான டொமினிகாவிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபோன பெற்றோரின் மகள். படம் வரைந்தவர் ஹெலன் ஆக்ஸன்பரி. அவர் பிஞ்சுக் குழந்தைகளின் உடம்பை வரைகிற அழகுக்கு ஈடாக இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. தொப்பை முன்னே தள்ள, கால் அகட்டி, விழுந்துவிடுவது போல நின்றும் விழாமல் இருக்கும் அந்த நிலையை இரண்டு கோட்டில் கொண்டுவந்துவிடுவார்.

கதை இவ்வளவுதான். அம்மாவும் குழந்தையும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வாசல் மணி அடிக்கிறது. அத்தை வருகிறாள், குழந்தையை இறுக்கி அணைக்க வேண்டும் என்கிறாள். மறுபடியும் மணி. மாமா வருகிறார், முத்தமிட வேண்டுமாம். அடுத்து இரண்டு பாட்டிகள் கைப்பையும் குடையுமாக வந்து, குழந்தையைக் கடித்துத் தின்றுவிட வேண்டும் போலிருக்கிறது என்கிறார்கள். அப்புறம் அண்ணன் முறைப் பையன்கள், சண்டை போட. கடைசியில் அப்பா வரும்போதுதான் இத்தனை பேரும் அவருடைய பிறந்தநாளுக்குக் கூடியிருப்பது தெரிகிறது. எல்லோரும் போனபின், தூங்க மனமில்லாத குழந்தை ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்க்கிறது.

மணிக்காகக் காத்திருக்கும் பக்கங்களைப் பழுப்பு நிறத்தில் மட்டும் வரைந்திருக்கிறார் ஆக்ஸன்பரி. ஆள் உள்ளே வந்ததும் பக்கம் முழுக்க வண்ணம். எழுத்தே தெரியாத குழந்தைக்கும் பழுப்பைப் பார்த்ததும் யாரோ வரப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரியவர் பக்கத்தைத் திருப்பும் முன்பே அதன் கை புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும். சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் கூடத்தில் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், எல்லோரும் அதே போல 'சும்மா' உட்காருகிறார்கள்.

இதைப் படித்ததும் பேத்தி ஒளிவதை விட்டுவிடுவாள் என்று நான் சொல்லமாட்டேன். புது முகத்தைக் கண்டு அஞ்சுவது எட்டு மாத வாக்கில் தொடங்கி, இரண்டு வயது வரையிலும் இருக்கக்கூடிய இயல்பு. அதை நோய் போலப் பார்க்க வேண்டாம். வந்தவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: குழந்தையை இழுக்காமல், பார்க்காமல், தரையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துத் தங்களுக்குள் படிக்கட்டும். அவளே நகர்ந்து வருவாள். இப்படி வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆங்கிலப் புத்தகத்தை ஆங்கிலம் தெரியாதவர்கள் எப்படிப் படித்துக் காட்டுவது?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: படத்தைப் பார்த்துச் சொந்தமாகச் சொல்லுங்கள். அத்தை வந்தால் உங்கள் வீட்டு அத்தையின் நடையில் வரட்டும், உங்கள் வீட்டு மணி எப்படி அடிக்குமோ அப்படியே அடிக்கட்டும். தமிழிலேயே வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் வேறு படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சிட்டுக்கொள்ளலாம். செல்பேசித் திரையில் காட்டுவதைவிட அச்சிட்டுக் கையில் கொடுப்பதே இந்த வயதுக்கு நல்லது.

கேள்வி: பொங்கலுக்கு வந்த பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியை என் இரண்டு வயது மகன் அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டான். வீடே தலைகீழாகத் தேடியது. மறுநாள் என் மாமியார் படியால் அரிசி அளந்தபோது கண்ணாடி மேலே வந்தது. இதைப் படக்கதையாக எழுதினேன். நாற்பது பக்கம் வந்துவிட்டது. பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பிரதியை ஒரே மூச்சில் படித்தேன். அருமையான கரு. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதலில் பக்கக் கணக்கு. படக்கதைக்கு 32 பக்கம் என்பது உலகெங்கும் ஊறிப்போன அளவு. பெரிய தாளில் அச்சிட்டு மடித்தால் பக்கங்கள் எட்டெட்டாக, பதினாறு பதினாறாகத்தான் விழும். தலைப்பு, பதிப்பு விவரம் போக உங்களுக்கு மிஞ்சுவது பன்னிரண்டு, பதின்மூன்று விரிப்புகள் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்தது ஒரு விரிப்பு). பெரியப்பா பஸ்ஸில் ஏறுவது, கரும்பு வாங்குவது, வழியில் டிக்கெட் தொலைவது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் திண்ணையில் வைக்கிற இடத்தில் கதை தொடங்கட்டும்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். கண்ணாடி பானைக்குள் விழுந்ததை நீங்கள் எழுத்தில் சொல்லிவிட்டீர்கள். சொல்லாதீர்கள்! படத்தில் மட்டும் காட்டுங்கள். பாட் ஹட்சின்ஸ் 1968இல் செய்த 'ரோஸிஸ் வாக்' என்ற புத்தகத்தில் ஒரு கோழி நடந்து போகிறது, பின்னாலேயே ஒரு நரி வருகிறது. நரி என்ற சொல் அந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதைப் பார்ப்பது குழந்தை மட்டுமே. உங்கள் புத்தகத்திலும் பெரியவர்கள் பரணில் தேடட்டும், கோலமாவு டப்பாவில் தேடட்டும், பெரியப்பா தன் நெற்றியையே தடவிப் பார்க்கட்டும். எழுத்து அவர்களுடைய தேடலை மட்டும் சொல்லிக்கொண்டு போகட்டும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அரிசிப் பானை நிற்க வேண்டும், அதன் பக்கத்தில் உங்கள் மகன் நிற்க வேண்டும். மடியில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தை, "அங்கே! அங்கே!" என்று கத்தும். வீட்டில் எல்லோரையும்விடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற இன்பம் இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறெங்கே கிடைக்கிறது?

படம் வரைகிறவரைத் தரையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த உயரத்திலிருந்து விருந்தாளி என்பது முதலில் ஒரு ஜோடி முழங்கால், சேலைக் கொசுவம், பெட்டியின் சக்கரம், பலகாரப் பை. முகம் கடைசியாகத்தான் குனிந்து வரும்.

மாமியார் படியைப் பானைக்குள் விடுவது வலப்பக்கத்தில் வரட்டும். கண்ணாடி மேலே வருவது தாளைத் திருப்பிய பிறகு. அத்தோடு முடியுங்கள். பெரியப்பா மகனைக் கண்டிக்கும் பக்கத்தையும், பெரியவர்கள் பொருளைத் தொடக் கூடாது என்ற அறிவுரையையும் நீக்கினால்தான் இந்தக் கதை பிழைக்கும். அவன் தப்பு செய்யவில்லை. பெரியவர்கள் பானையில் எதையோ போட்டு எடுப்பதைத் தினமும் பார்க்கிறான், தானும் போட்டான்.

கேள்வி: விருந்தினர் முன் எங்கள் மகள் பயந்து அழுவதை வீடியோ எடுத்துக் காட்டி எல்லோரும் சிரிக்கிறோம். இதையே நகைச்சுவைப் படக்கதையாக்கலாமா?
— ஒரு வாசகர், திருவள்ளூர்

பதில்: கூடாது. அழுகிற குழந்தைக்கு அது நகைச்சுவை இல்லை. படக்கதையில் குழந்தை சிரிக்க வேண்டும், பெரியவர்கள் அதனுடன் சேர்ந்து சிரிக்க வேண்டும். குழந்தையைக் காட்டிப் பெரியவர்கள் மட்டும் சிரிக்கிற புத்தகங்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பெரியவர்கள்தான் வாங்குகிறார்கள், பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்பதில்லை. உங்கள் மகள் எதைக் கண்டு பயந்தாள் என்று பாருங்கள். மீசையா, உரத்த குரலா, தூக்கிப் போட்டுப் பிடித்ததா? அந்த மீசையை அவள் கண்ணுக்குத் தெரிந்த அளவில், பக்கம் கொள்ளாமல் வரையுங்கள். அப்போது வேடிக்கை மீசையின் பக்கம் போய்விடும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு மாதம். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கிழிக்கிறான், கடிக்கிறான். பெரியவனாகும் வரை காத்திருக்கலாமா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: காத்திருக்க வேண்டாம். கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள். ஆக்ஸன்பரியே 1981இல் இப்படிச் சில சிறு அட்டைப் புத்தகங்கள் செய்தார், அதில் ஒன்று குடும்பத்தைப் பற்றியது. கடையில் கிடைக்காவிட்டால், கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, பக்கத்துக்கு ஓர் உறவினரின் புகைப்படத்தை ஒட்டி, ஓரத்தில் துளையிட்டு, தடித்த நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக்க மறக்காதீர்கள். அடுத்த விசேஷத்துக்கு யார் யார் வருகிறார்களோ அவர்கள் முகங்களை முன்னால் வையுங்கள்.