வாசகர் கேள்வி – பதில்: சென்னையிலிருந்து பாரிசுக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: என் மகள் பாரிசில் இருக்கிறாள். சென்னையிலிருந்து அங்கே 8,000 கிலோமீட்டர் என்கிறார்கள். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்குமாம். அப்படியானால் 9 மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா? போவதற்கும் வருவதற்கும் நேரம் ஏன் வேறுபடுகிறது? துபாய் வழியாகப் போவது பெரிய சுற்றா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் கணக்கு சரிதான், ஆனால் அந்தத் தூரத்தை விமானம் அப்படியே பறப்பதில்லை. சுமார் 8,020 கிலோமீட்டர் என்பது, உருண்டையான பூமியின் மேல் இரு விமான நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடிழுத்தால் அது ஈராக்கின் மேல் செல்லும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ, அதன் நடுப்புள்ளி ஈரானில், காஸ்பியன் கடலின் தென்மேற்குக் கரையை ஒட்டி விழும். அந்தக் கோட்டில் பறக்க, வழியிலுள்ள நாடுகளின் வான்வெளி திறந்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. இப்படி ஒரு நாடு கதவடைத்தாலும் தூரம் கூடுகிறது.

போக வர நேரம் வேறுபடுவதற்குக் காரணம் காற்று. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் மிகவும் வலுக்கும். சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால், போவதற்கு 9 மணி 45 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 8 மணி 15 நிமிடத்துக்குள் திரும்பிவிடலாம். இதுபோக, பயணச்சீட்டிலுள்ள நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கி நிற்பது வரை கணக்கிடப்படுவதால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அதில் அடங்கும்.

துபாய் வழி பெரிய சுற்றே அல்ல. சென்னை – துபாய் சுமார் 2,930, துபாய் – பாரிஸ் சுமார் 5,240, ஆக 8,170 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட 150 கிலோமீட்டர்தான் அதிகம். கூடுவது தூரம் அல்ல, துபாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம். ஆகவே சீட்டு வாங்கும்போது தூரத்தைப் பார்க்காமல் மொத்தப் பயண நேரத்தையே பாருங்கள். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் அச்சிடப்படுவதால், பிரான்சு நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: ஒரு தளத்தில் 8,020 என்றும் இன்னொன்றில் 4,330 என்றும் இதே தூரத்தைப் பார்த்தேன். எது சரி?
– வாசகர், கடலூர்

பதில்: இரண்டும் சரியே. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது, விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.