சீலியாக் வந்த பிறகு ஓட்டலில் என்ன சாப்பிடலாம்? கேள்வி பதில்

நான் உணவியல் ஆலோசகர். எனக்கே சீலியாக் இருப்பது தெரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் சிறுகுடல் கெடும் நோய் இது. வெளியே சாப்பிடுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி: போன மாதம்தான் எண்டோஸ்கோபியில் உறுதியானது. வாரத்தில் நாலு நாள் ஓட்டல் சாப்பாடு. நாம் அரிசிதானே சாப்பிடுகிறோம், இட்லி, தோசை, சாம்பார் என்று ஓட்டிவிடலாமா மேடம்?

இட்லி சரி. தோசையில்தான் சிக்கல், அதுவும் மாவில் இல்லை, கல்லில். அடுத்த முறை கல்லுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ரவா தோசையை எடுத்ததும் மாஸ்டர் தண்ணீர் தெளித்து, ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். அந்தக் கல்லிலேயே உங்கள் தோசை விழும். ரவையும் மைதாவும் துடைப்பத்தின் ஈர்க்குகளுக்குள் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். சப்பாத்தி, பரோட்டா போடும் கல் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளரும் ஒரு செடியின் பிசின் அது. அதில் குளூட்டன் கிடையாது. ஆனால் காரம் அதிகம் என்பதால் மைதாவோ அரிசி மாவோ கலந்து, கூட்டுப் பெருங்காயமாகத்தான் கடைக்கு வருகிறது. வீட்டுக்கு வாங்கினால் டப்பாவின் பின்பக்கம் படித்துவிடலாம். ஓட்டலில் அது எந்த டப்பா என்று நமக்குத் தெரியாது. சாம்பார், ரசம், இட்லிப் பொடி, தயிர் சாதத்தின் தாளிப்பு, எல்லாவற்றிலும் அது இருக்கும். நான் இட்லியும் தாளிக்காத தேங்காய்ச் சட்னியும் வாங்கிக்கொள்வேன். பொடி என் கைப்பையில் இருக்கும். இட்லி மட்டும் போடும் சின்னக் கடைகள் நமக்குப் பெரிய ஓட்டல்களைவிட நல்லவை.

மதுரையிலிருந்து ஒருவர்: கேட்டால் எல்லாரும் "குளூட்டன் இல்லை சார்" என்கிறார்கள். நம்பலாமா?

சப்ளையரிடம் கேட்காதீர்கள், மாஸ்டரிடம் கேளுங்கள். "குளூட்டன்" என்றும் கேட்காதீர்கள். "ரவை, மைதா, கோதுமை, சேமியா, இதில் எது சேர்கிறது?" என்று பேர் சொல்லிக் கேளுங்கள். ஒரு ஓட்டலில் ஆப்பம் சுத்தமான அரிசி என்று சப்ளையர் சத்தியம் செய்தார். சாப்பிட்டுவிட்டு கை கழுவப் போனபோது சமையல்கட்டில் பார்த்தேன், ரவையைக் கூழாகக் காய்ச்சி ஆப்ப மாவில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. அதனால்தான் மாஸ்டர்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்: மகளுக்கு எட்டு வயது. கடையில இடியப்பம் வாங்கிக் குடுக்கலாமோ அக்கா?

கேட்காமல் வாங்காதீர்கள் அம்மா. தமிழ்நாட்டில் இடியப்பம் என்றால் பெரும்பாலும் அரிசி மாவு. உங்கள் ஊரில் அவித்த கோதுமை மாவிலும் இடியப்பம் அவிப்பார்கள், புட்டும் அப்படித்தான். சிவப்பாக இருக்கிறதே என்றும் நம்பவேண்டாம், இரண்டு மாவையும் கலப்பவர்கள் உண்டு. கொத்து ரொட்டி போடும் கடை என்றால் அந்தக் கொத்துக் கல்லில் வேறு எதையும் சூடாக்கித் தரச் சொல்லாதீர்கள்.

ஈரோடு: சம்பா ரவை உப்புமா சாப்பிடலாமா? சம்பா அரிசி நல்லதுதானே?

சம்பா ரவை என்பது சம்பா கோதுமையை உடைத்தது. கூடாது.

திருநெல்வேலி: கம்பு, ராகி, தினை?

மூன்றும் சரி. மாவு மில்லில் அதற்கு முன் கோதுமை அரைத்திருந்தால் சரியில்லை. கம்பு தோசையும் அதே கல்லில்தான் வேகிறது.

ஒரு தோசை மாஸ்டர், கோவை: இருபது வருஷமா கல்லுல நிக்கிறேன். அந்தச் சூட்டுல எல்லாம் எரிஞ்சி போயிடும் மேடம். சும்மா ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க.

அண்ணா, சூட்டில் சாவது கிருமி. குளூட்டன் கிருமி இல்லை, புரதம். கல்லின் சூட்டிலும் எண்ணெய்ச் சூட்டிலும் அது போகாது. பூரி பொரித்த எண்ணெயில் போட்ட உளுந்து வடையை நான் தொடாததும் அதனால்தான்.

கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர்: ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? என் பாட்டி தொண்ணூறு வயதுவரை அதைத் தின்றுதான் வாழ்ந்தார்.

உங்கள் பாட்டிக்கு சீலியாக் இல்லை ஐயா. நமக்குக் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன உறிஞ்சிகளை அரிக்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்தபோதே குடலில் சேதம் தெரிந்தது. அது சுமார் அரை கிராம் மைதாவில் இருக்கும் அளவுதான். ஒரு கரண்டி சாம்பாரில் அவ்வளவு இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். காலையில் சாம்பார், மதியம் ரசமும் கூட்டும், ராத்திரி பொடி, நடுவில் ஒரு தோசை என்று தினமும் சேர்ந்தால்? கல்லுக்கும் எண்ணெய்க்கும் முதல் பயம், பெருங்காயத்துக்கு அடுத்தது. வாரம் நாலு நாள் வெளியே சாப்பிடுபவர் மூன்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

அதே மாஸ்டர்: புரதம்னு சொல்றீங்க, சரி. அப்ப எங்களால என்னதான் செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் அண்ணா. தனியாக ஒரு சின்னக் கல், தனிக் கரண்டி, தனித் துடைப்பம், தனி எண்ணெய்க் கிண்ணம். அதில் அரிசி தோசை தவிர எதுவும் ஊற்றக்கூடாது. மாவு வாளிக்குள் ரவா தோசைக் கரண்டி போகக்கூடாது. அவ்வளவுதான், செலவு அதிகமில்லை.

மாஸ்டர்: நெய் ரோஸ்ட்டுக்கு வாங்கின ஒரு கல்லு சும்மாதான் கிடக்கு. முதலாளிகிட்ட கேக்குறேன்.

கேளுங்கள். அவர் சரியென்றால் முதல் தோசை எனக்கு.

விழுப்புரம்: மேடம், சாம்பார் சாப்பிடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சென்னை: ஓட்டல் தோசை பரவாயில்லையா?

கல். முதல் பதில்.

சென்னை, கல்லூரி மாணவர்: நண்பர்களோடு ஃப்ரைட் ரைஸ்?

சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். வேண்டாம். பீரும் மால்ட் கலந்த பானங்களும் பார்லி, அதுவும் வேண்டாம்.

ஓசூர்: எனக்கும் எப்போதும் வயிறு உப்புசம். ஒரு மாதமாகக் கோதுமையை விட்டுவிட்டேன், பரவாயில்லை. இனி டெஸ்ட் எதற்கு?

டெஸ்டுக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள் என்று தலைப்பாடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிடலாம், நோய் உள்ளே இருக்கும்போதே. குடல் மருத்துவரைப் பாருங்கள், நிறுத்தியதை அவரிடம் சொல்லுங்கள்.

தர்மபுரி: என் தம்பிக்கும் அதே உப்புசம், நிறுத்திப் பார்க்கட்டுமா?

வேண்டாம். மேலே இருப்பதேதான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண்: அடுத்த வாரம் நாத்தனார் கல்யாணம். பந்தியில் உட்காராவிட்டால் மனஸ்தாபம் ஆகும். என்ன செய்வது?

உட்காருங்கள். முந்தின நாளே தலைமைச் சமையல்காரரைப் பார்த்து, உங்களுக்கு மட்டும் தாளிக்காத, பெருங்காயம் போடாத பருப்பு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இலையில் கேசரி, பூரி, சேமியா பாயசம் விழாதபடி, பரிமாறுபவர் வரும்போதே கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். விழுந்துவிட்டால் ஒதுக்கிவைத்துச் சாப்பிடாதீர்கள், இலையை மாற்றச் சொல்லுங்கள். வெறும் சோறு, அந்தப் பருப்பு, நெய், தாளிக்காத தயிர், வாழைப்பழம். முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள், அப்போதுதான் நெய்க் கிண்ணத்தில் வேறு கரண்டி விழுந்திருக்காது.