641-ஐ விட்டுவிட்டீர்களே!

கேள்வி: 4294967297 பகு எண் என்கிறார்கள். ஃபெர்மா போன்ற கணித மேதையே அதைப் பகா எண் என்றுதானே சொன்னார்? நானும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. மேதை சொன்னதை மறுக்க நாம் யார்?

பதில்: எத்தனையோ பகா எண்கள் இருக்க, மீதி வந்தே தீரும் ஐந்தை மட்டும் பொறுக்கியெடுத்து வகுத்திருக்கிறீர்கள். அந்த ஐந்தையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள்: 4294967295. உங்கள் எண்ணுக்குச் சரியாக 2 குறைவு. அப்புறம் அவற்றில் எதனால் வகுத்தால் என்ன, மீதி 2தான்.

ஃபெர்மாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். 2, 4, 16, 256, 65536 என ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கமாக வளரும் வரிசை அது. ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருபவைதான் உங்கள் ஐந்து எண்களும். அவை பகா எண்கள் என்பதால் ஆறாவதாக வரும் உங்கள் 4294967297-உம், அதற்கு மேலே வருபவையும் அப்படியே என்று அவர் நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்று 1640-இல் அவரே எழுதியும் வைத்தார். அந்த வரியை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது நீங்கள்.

1732-இல் கணித மேதை ஆய்லர் காரணியைச் சொல்லிவிட்டார். 641 × 6700417. பெருக்கிப் பாருங்கள், ஒரு துண்டுத் தாள் போதும்.

கண்ணை மூடிக்கொண்டு தேடினால், உங்கள் எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் வரிசையாகச் சோதிக்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். பின்னாளில் ஆய்லரே இதை நிரூபித்தார். அந்தச் சல்லடையில் முதலில் நிற்பவை 193, 257, 449, 577, 641. உங்கள் ஐவரில் ஒருவரான 257-ஐத் தள்ளிவிட்டால், நாலாவது வகுத்தலிலேயே காரியம் முடிந்தது!

வகுக்கவே சோம்பலா? அதற்கும் வழி உண்டு. 640 என்பது 5 × 128. அதை 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். எனவே 640-இன் நான்காம் அடுக்குக்கு மீதி 1. அந்த நான்காம் அடுக்கை 625 × (2-இன் 28-ஆம் அடுக்கு) என்று எழுதலாம். 625 + 16 = 641 என்பதால் 625 இருக்கும் இடத்தில் −16 போடுங்கள். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு என்பதால், 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 என்று வருகிறது. அதோடு 1 கூட்டியதுதான் உங்கள் எண், மீதி பூஜ்யம்.

இந்த வரிசையில் ஆறாவது முதல் 33-ஆவது வரை அத்தனையும் பகு எண்கள் என்று தெரிந்தாயிற்று. இதில் 21-ஆவது எண் ஒரு விசித்திரம்: பகு எண் என்பது உறுதி, ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இன்னும் யாரும் கண்டதில்லை. 34-ஆவதற்குச் சுமார் 258 கோடி இலக்கங்கள். அது பகுவா, பகாவா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

உங்களுக்கு எப்படியும் ஒரு பெரிய பகா எண் வேண்டுமென்றால் 6700417-ஐ வைத்துக்கொள்ளுங்கள். அது அசல் பகா எண்.