படிவம் அனுப்பியும் பதில் வரவில்லையா?

'நீடித்த குடியிருப்பு' பற்றி நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள எட்டு நகரங்களைச் சேர்த்து வலையமைப்பு தொடங்கியும், ஆறு மாதமாக ஒருவரும் தங்கள் குடியிருப்பு அனுபவத்தை எழுதி அனுப்பவில்லை என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படிவமோ பன்னிரண்டு பக்கம்! களத்தில் நிற்பவருக்கு அதை நிரப்ப ஏது நேரம்?

படிவத்தை ஓரமாக வையுங்கள். அந்த அகன்ற தலைப்பையும்தான். மழைநீர் வடிகால் போல ஒரே சிக்கலை எடுங்கள். அதில் தவிக்கும் நகரத்தின் பொறியாளரையும் குடியிருப்போர் சங்கத்தவரையும், அதைச் சமாளித்த நகரத்துக்கு மூன்று நாள் அனுப்புங்கள். 1996இல் உருவான குடிசைவாசிகளின் பன்னாட்டு அமைப்பான எஸ்.டி.ஐ. இப்படி நேரில் போய்ப் பார்ப்பதையே முக்கியக் கற்றல் வழியாகக் கொண்டிருக்கிறது. (மேயரை மட்டும் அனுப்பினால் புகைப்படம்தான் மிஞ்சும்.)

திரும்பியவர்களிடம் எவ்வளவு செலவு, யார் பராமரிக்கிறார்கள், எது பழுதானது என்று கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் விடாதீர்கள்.